செக்ரோலை எங்கே வைப்பது?

கிளவுட் சேவை வழங்குநரைத் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது மாதக் கட்டணம் அல்ல. தரவு அழிந்தால் எங்கிருந்து மீட்பது என்பதுதான். இலங்கை இதை நட்டப்பட்டே கற்றது. 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் லங்கா கவர்மென்ட் கிளவுட்டைக் கப்பம் கோரும் மென்பொருள் தாக்கியது. சேவை விரைவிலேயே மீண்டும் இயங்கியது. ஆனால் ஏறத்தாழ 5,000 அரச முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை இருந்த மின்னஞ்சல்கள் போனது போனதுதான். 2013ஆம் ஆண்டின் பழைய மென்பொருளே அங்கு ஓடிக்கொண்டிருந்தது. இணைப்பிலிருந்த காப்புப் பிரதியும் பூட்டப்பட்டது. இணைப்புக்கு வெளியே அந்தக் காலத்துக்குப் பிரதி இல்லை.

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறையும் பெயர்ப்பதிவும் இப்போது கணினிக்கு மாறி வருகின்றன. அங்கே அழியக்கூடியது கடிதம் அல்ல, சம்பளம். ஒரு நாளுக்கு முழுப்பேரா அரைப்பேரா, அதாவது முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா என்பதற்கு, செக்ரோல் எனும் வருகைப் பதிவேடே சாட்சி. பெண் தொழிலாளி ஊழியர் சேமலாப நிதியை 50 வயதில் பெறுகிறார். 18 வயதில் பெயர் பதிந்தவருக்கு 32 வருடக் கணக்கு கையில் இருக்க வேண்டும். சில வருட ஒப்பந்தத்துக்குக் கிடைக்கும் கழிவை மட்டும் பார்த்து அந்தக் கணக்கை ஒருவரிடம் ஒப்படைப்பது அநீதி.

பெரிய கம்பனியிடம் கொடுத்தால் போதும் என்ற வாதமும் நிற்காது. 2024 மே மாதத்தில் அவுஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பரின் கணக்கு கூகுள் கிளவுட்டில் தவறுதலாக அழிக்கப்பட்டது. இரண்டு இடங்களில் வைத்திருந்த பிரதிகளும் சேர்ந்தே போயின. 6 இலட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தவர்களின் நிதியம் மீண்டெழ, வேறொரு வழங்குநரிடம் வைத்திருந்த பிரதி கைகொடுத்தது.

கட்டணத்திலும் ஒரு கண்ணி உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. டொலரில் பில் கட்டியவருக்குச் சேவை கூடவில்லை, செலவு மட்டும் கூடியது. விலகும்போது தரவைத் திரும்ப எடுக்க எவ்வளவு, எந்த வடிவில் கிடைக்கும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

சேர்வர் மும்பையிலா சிங்கப்பூரிலா என்பது கொழுந்து நிறுவைக்குப் பெரிய விடயமல்ல. பட்டிப்பொல போன்ற உயரிடங்களில் மலைமுகடு திரும்பினால் சிக்னல் போய்விடும். நிறுக்கும் கருவி பதிவைத் தன்னிடமே வைத்திருந்து, சிக்னல் வந்ததும் அனுப்ப வேண்டும். நிறுத்த கையோடு தொழிலாளிக்குத் துண்டும் தர வேண்டும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, பொறுப்பை வழங்குநர் தலையில் மட்டும் போட முடியாது. எனவே கையொப்பமிடுமுன் தோட்ட நிர்வாகங்கள் ஒரு மாத செக்ரோலை அழித்து, வேறிடத்துப் பிரதியிலிருந்து மீட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் அப்போது உடனிருக்க வேண்டும்.