39-இல் நிற்கும் செடி

திருவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த எஸ்.வி.பி.ஆர். ரகங்களையும், கோவில்பட்டியின் கருங்கண்ணியையும் பிரிப்பது இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம். செல்லுக்குள் அந்தத் தூரம் 26 குரோமோசோம். கருங்கண்ணி ஆர்போரியம், இருமடியம், 26. வத்திராயிருப்புப் பக்கம் இறவையில் நிற்கும் ஹிர்சூட்டம் நான்மடியம், 52. அமெரிக்கக் கண்டத்தில் ஏ, டி என்ற இரு மரபுத்தொகுதிகள் பத்து இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒன்றாகி இரட்டித்ததன் வாரிசு அது. நூலிழை நீளத்தில் மில்காரர் கேட்பதும் அதைத்தான்.

ஆனால் தத்துப்பூச்சியையும் வறட்சியையும் தாங்குவது கருங்கண்ணி. அந்தக் குணங்களை ஹிர்சூட்டத்துக்குக் கொண்டுவர நம்மில் பலருக்கு ஆசை. ஒட்டுச் சேர்த்தால் காய் சில நாளில் உதிர்கிறது. வளர்ச்சி ஊக்கி தடவியும் கருவை ஊடகத்தில் வளர்த்தும் காப்பாற்றினால் கிடைப்பது மும்மடியம், 39. அதன் இளமொட்டை எடுத்து அசிட்டோகார்மினில் நசுக்கிப் பாருங்கள். ஏ தொகுதிகள் ஏறக்குறைய 13 ஜோடி கட்டியிருக்கும். டி தொகுதியின் 13 துணையில்லாமல் அங்கங்கே சிதறிக் கிடக்கும். மகரந்தம் பெரும்பாலும் சொத்தை. கோல்ச்சிசின் கொடுத்து 78 ஆக்கினால் வளம் திரும்பும். அதை ஹிர்சூட்டத்தோடு சேர்த்தால் 65. மேலும் மேலும் பின்கலப்பு செய்து 52-க்கு இறங்க வேண்டும். இந்த இறக்கத்தில்தான் நாம் தேடிய குணமும் கைநழுவுகிறது.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. இலை வடிவம், இதழடிப் புள்ளி, ஓரிரு மூலக்கூறு குறிகள் என்று காட்டிவிட்டு 'இனக்கலப்பு வழித்தோன்றல்' என எழுதிவரும் கட்டுரைகள் அதிகம். தன்மகரந்தச் சேர்க்கையில் விளைந்த ஹிர்சூட்டம்கூட அந்தப் பெயரில் ஒளிந்துகொள்ளலாம். கோயம்புத்தூர் கரும்பு நிலையத்தில் பணிபுரிந்த ஜானகி அம்மாள், 1945-இல் டார்லிங்டனுடன் பயிர்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து வெளியிட்டபோது கையிலிருந்தது நுண்ணோக்கிதான். அது இன்றும் எல்லா நிலையங்களிலும் இருக்கிறது, தூசியோடு.

அடுத்த இதழிலிருந்து மடியம் மாறும் எந்தக் கலப்புக் கட்டுரைக்கும் குரோமோசோம் எண்ணிக்கை கட்டாயம். பருத்தியின் குரோமோசோம்கள் சிறியவை. வேர்நுனியில் 52-ஐயும் 51-ஐயும் பிரித்தறிவது கடினம். ஆகவே மகரந்தத் தாய்செல்லின் இணைவுப் படமும், எத்தனை செல்களில் பார்த்தீர்கள் என்ற கணக்கும் சேர்த்து அனுப்புங்கள்.