காலாவதி தேதி தமிழில் வேண்டாமா?

சகோதரிகளே, போன மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன். நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் பசிக்கிறது என்றானாம். என் மாமியார் அலமாரியில் இருந்த பாயச மிக்ஸ் பாக்கெட்டைப் பிரித்து, பால் காய்ச்சி, ஆசையாய்ச் செய்து கொடுத்திருக்கிறார். ராத்திரி பூராவும் பையனுக்கு வாந்தி. காலையில் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தால், காலாவதியாகி நாலு மாதம்!

வந்த கோபத்தில், "தேதியைப் பார்க்க மாட்டீங்களா அத்தை?" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவர் கண் கலங்கிவிட்டார். "பார்த்தேன்த்தா. ரெண்டு தேதி போட்டிருந்துச்சு. எது செஞ்ச தேதி, எது கெட்டுப்போற தேதின்னு நான் என்னத்தக் கண்டேன்? எல்லாம் இங்கிலீசுல இருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தினமும் பேப்பரை வரி விடாமல் படிப்பவர் அவர். பத்தாவது வரை படித்த நானே அந்தப் பொடி எழுத்தைத் தட்டுத் தடுமாறித்தான் வாசிக்கிறேன்.

கல்லூரியில் படிக்கும் நாத்தனார் மகளிடம் விசாரித்தேன். எடை, விலை பற்றி 2011ல் வந்த மத்திய அரசு விதியும் சரி, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020ல் வெளியிட்ட லேபிள் விதியும் சரி, விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்றுதான் சொல்கின்றனவாம். தமிழ் வேண்டுமானால் கூடச் சேர்க்கலாமாம்; கட்டாயம் இல்லை.

"எல்லா மொழியிலும் போட பாக்கெட்டில் இடம் ஏது?" என்று கேட்பார்கள். எல்லாவற்றையும் போட வேண்டாம். 'தயாரித்த தேதி', 'காலாவதி தேதி' என்ற வார்த்தைகளையாவது போடலாமே! டி.வி. விளம்பரத்தில் மட்டும் கொஞ்சு தமிழ் பேசத் தெரிகிறதே? விதி போட்டால் தானாக நடக்கும். சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி கட்டாயம் என்றார்கள். இன்று எல்லா பாக்கெட்டிலும் இருக்கிறது. என் மாமியார்கூட அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்.

இதுபோன்ற விதிகளை ஒரே நாளில் போட்டுவிடுவதில்லை. முதலில் வரைவை அரசிதழில் வெளியிட்டு, 'ஆட்சேபம், யோசனை இருந்தால் எழுதுங்கள்' என்று பொதுமக்களுக்குக் கெடு கொடுக்கிறார்கள். ஆனால் அந்த வரைவும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. நமக்கு எப்படித் தெரியும்?

2020ல் சுற்றுச்சூழல் அனுமதி பற்றிய வரைவு வந்தபோதும் இதே கதைதான். ஓர் ஊரில் சுரங்கமோ தொழிற்சாலையோ வருமுன் யாரிடம் கருத்துக் கேட்பது என்பதெல்லாம் அதில் அடக்கம். எங்களைப் போல மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஜூன் 30ந் தேதி, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்க்கச் சொல்லி, கருத்துச் சொல்ல ஆகஸ்ட் 11 வரை அவகாசமும் கொடுத்தது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது! ஒரு விதியைத் தமிழில் படிக்கக் கேட்பது அத்தனை பெரிய குற்றமா?

ஒவ்வொரு வரைவும் தமிழில் வர வேண்டும். அதற்கு நாமும் சும்மா இருக்கக் கூடாது. மகளிர் குழுக் கூட்டத்தில் கடன், வட்டி பேசி முடித்ததும், ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அனுப்பலாம். எங்கள் குழுவில் அடுத்த கூட்டத்திலேயே எழுதப் போகிறோம்.

அதுவரைக்கும் ஒரு யோசனை. பாக்கெட் வாங்கி வந்ததும் காலாவதி தேதியைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். அத்தையிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். தப்பு அவர் மேல் இல்லையே!

— ஒரு வாசகி, கன்னிவாடி.