வாசலில் நிற்பவன் நம் எதிரியா?

அமெரிக்கா என்றால் வானளாவிய கட்டடங்கள், டாலர் நோட்டுகள், ஆகாய விமானங்கள். இப்படித்தான் நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டுத் தொழிலாளி எப்படி வாழ்ந்தான், யாரிடம் தோற்றான், எப்படி எழுந்தான் என்பதைச் சொல்ல முதலாளித்துவப் பத்திரிகைகளுக்கு இடம் போதவில்லை. ஆனால் அந்த நாட்டு எழுத்தாளர்களிலேயே சிலர் அதைச் சொல்லியிருக்கிறார்கள். அப்டன் சின்க்ளேர் எழுதிய "ஜங்கிள்", ஜான் ஸ்டைன்பெக் எழுதிய "தி கிரேப்ஸ் ஆஃப் ராத்" ஆகிய இரண்டு நாவல்களும் அப்படிப்பட்டவை. "காடு", "கோபத்தின் திராட்சைகள்" என்று தமிழில் சொல்லலாம்.

வாலிப வயதில் படித்தால் இவை கண்ணீர்க் கதைகள். தொழிற்சங்க வேலையில் பல ஆண்டுகள் உழன்ற பிறகு மீண்டும் எடுத்துப் படித்தால், கண்ணீருக்குப் பின்னால் முதலாளி போடும் கணக்கு தெரிகிறது. அந்தக் கணக்கைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

1904-ல் சிகாகோ நகர இறைச்சி ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். அதன் பின் சின்க்ளேர் அங்கே சென்று ஏழு வாரம் தங்கி, அவர்கள் வாழ்க்கையைக் கண்ணால் கண்டு எழுதினார். 1905-ல் "அப்பீல் டு ரீசன்" என்ற சோஷலிஸ்ட் வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்து, 1906-ல் புத்தகமாயிற்று.

கதாநாயகன் யூர்கிஸ், லிதுவேனியா நாட்டிலிருந்து பிழைக்க வந்தவன். கட்டுமஸ்தான ஆள். ஆலை வாசலில் நின்ற அரை மணியில் வேலை கிடைக்கிறது. மாதக் கணக்கில் அங்கே நிற்பவர்களைப் பார்த்து அவனுக்கு ஏளனம். வலுவில்லாதவனுக்குத்தான் இந்தக் கதி என்று எண்ணுகிறான். சங்கம் எதற்கு என்கிறான். பிறகு வேலையில் காலில் அடிபட்டுப் படுக்கிறான். எழுந்து வந்தால் அவன் இடத்தில் வேறொருவன்! தான் ஏளனம் செய்த அதே கூட்டத்தில் இப்போது அவனும் நிற்கிறான். வீடு போகிறது. மனைவி பிரசவத்தில் சாகிறாள். பிள்ளை தெருவில் தேங்கிய தண்ணீரில் மூழ்கிச் சாகிறான். கடைசியில் அரசியல் தரகன் ஒருவனின் கையாளாகி, வேலைநிறுத்தத்தின்போது கருங்காலியாக அதே ஆலைக்குள் நுழைகிறான். பிறக்கும்போதே எவனும் கருங்காலியாகப் பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறான். அவனுக்கு விழிப்புத் தருவது பின்னால் அவன் கேட்கும் ஒரு சோஷலிஸ்ட் பொதுக்கூட்டம்.

புத்தகம் நாட்டைக் குலுக்கியது. 1906 ஜூன் 30-ல் இறைச்சிச் சோதனைக்கும், கலப்பட உணவைத் தடுக்கவும் சட்டங்கள் வந்தன. நல்ல சட்டங்கள்தான். ஆனால் யாருக்குப் பாதுகாப்பு? இறைச்சி தின்பவனுக்கு. அதை வெட்டிக் கைவிரலை இழந்தவனுக்கு அந்தச் சட்டங்களில் ஒரு வரி உண்டா? இல்லை. மக்களின் நெஞ்சைக் குறிவைத்தேன், வயிற்றில் பட்டுவிட்டது என்று சின்க்ளேரே வருந்தினார்.

பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? அந்த நாவலில் ஒரு சிறுவனுக்கு வயதைக் கூட்டிச் சான்று வாங்கி ஆலைக்கு அனுப்புகிறார்கள். 2023-ல் அமெரிக்கத் தொழிலாளர் துறையே ஒரு கணக்கு வெளியிட்டது. எட்டு மாநிலங்களில் 13 இறைச்சி ஆலைகளில், இரவு நேரத் துப்புரவு வேலையில், 13 முதல் 17 வயது வரை உள்ள 102 சிறுவர் சிறுமியர்! ஆலையின் பெயரில் அல்ல, காண்ட்ராக்ட் கம்பெனியின் பெயரில். அபராதம் 15 லட்சம் டாலர். காண்ட்ராக்ட் முறையின் சூட்சுமம் நம் ஆலைத் தோழர்களுக்குப் புதிதல்ல.

ஸ்டைன்பெக்கின் நாவல் 1939-ல் வந்தது. ஓக்லஹோமாவில் வறட்சி, புழுதிக் காற்று. குத்தகை விவசாயிகளைப் பாங்குகள் வெளியேற்றுகின்றன. டிராக்டர் வீட்டை இடித்துக்கொண்டு போகிறது. ஜோட் குடும்பம் ஒரு நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் புறப்படுகிறது: பழம் பறிக்க ஆள் தேவை, நல்ல கூலி! வழியில் ஒருவன் அந்த நோட்டீசின் கணக்கை விளக்குகிறான். தேவை 800 பேர். அச்சடிப்பது 5,000 நோட்டீஸ். பார்ப்பவர் 20,000 பேர். எத்தனை பேர் பசியோடு வந்து குவிகிறார்களோ, அத்தனைக்குக் கூலி இறங்கும்.

அதன்படியே நடக்கிறது. ஒரு பீச் பழத் தோட்டத்துக்குப் போலீஸ் காவலோடு ஜோட் குடும்பத்தை உள்ளே விடுகிறார்கள். பெட்டிக்கு 5 சென்ட் கூலி. வெளியே வேலைநிறுத்தம் நடப்பது அவர்களுக்குத் தெரியாது! இரவில் வேலியைத் தாண்டிப் போன டாம், வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கும் பழைய நண்பன் கேசியைச் சந்திக்கிறான். வெளியே நிற்பவர்களுக்கு இரண்டரை சென்ட்தான் தர முன்வந்தார்கள்; அதனால்தான் போராட்டம் என்கிறான் கேசி. அந்த இரவே கேசி அடித்துக் கொல்லப்படுகிறான். வேலைநிறுத்தம் முறிகிறது. உள்ளே இருப்பவர்களுக்கும் கூலி இரண்டரை சென்ட்! வெளியே இருப்பவன் தோற்றால், உள்ளே இருப்பவனும் தோற்றான். ஆயிரம் பிரசங்கம் சொல்லாததை இந்த ஒரு அத்தியாயம் சொல்லிவிடுகிறது.

கலிபோர்னியாவின் கெர்ன் கவுண்டி நிர்வாகம் 1939-லேயே இந்தப் புத்தகத்தைத் தன் நூலகங்களிலிருந்து விலக்கியது. நிலமுதலைகளுக்குச் சுட்டது! பிற்காலத்தில் ஸ்டைன்பெக் வியட்நாம் யுத்தத்தை ஆதரித்தார். அதை நாம் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் எழுதிய உண்மை உண்மைதான். 1935-ல் அமெரிக்காவில் சங்கம் அமைக்கும் உரிமைக்குச் சட்டம் வந்தபோது விவசாயத் தொழிலாளரை விலக்கி வைத்தார்கள். அந்த மத்தியச் சட்டத்தில் அந்த விலக்கு இன்றும் நீங்கவில்லை.

பஞ்சம் பிழைக்க வந்தவர்களை "ஓக்கி" என்று இழிவாக அழைத்தார்கள். 1936-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் மாநில எல்லைக்கே போய் அவர்களை மறித்தது. அவர்கள் அந்நியரா? அதே நாட்டுக் குடிமக்கள்!

இங்கே நம் முகத்தையும் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். 1968-ல் கீழத்தஞ்சையில் கூலி உயர்வு கேட்டவர்களை முறியடிக்க மிராசுதாரர்கள் வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கினார்கள். அந்தப் பகை டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 உயிர்களை எரித்ததில் முடிந்தது. இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் நம் ஆலைகளில் நம் பக்கத்தில் நிற்கிறார்கள். 2023 மார்ச்சில், இங்கே அவர்களை அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரப்பப்பட்டன. பிரிவினையால் யாருக்கு லாபம்?

"வடக்கத்தியான் வந்து கூலியைக் கெடுத்தான்" என்று டீக்கடையில் பேசுகிறோம். கூலியைக் குறைப்பவன் அவனா, அவனைக் குறைந்த கூலிக்கு அழைத்து வந்தவனா? அவனுக்கும் நமக்கும் ஒரே கூலி என்று சங்கம் வாதாடி வென்றால், அவனைக் காட்டி நம்மை மிரட்ட முதலாளியால் முடியுமா?

ஆகவே தோழர்களே, வாசலில் நிற்பவனைத் திட்டாதீர்கள். அவன் மொழி தெரிந்த ஒரு தோழரைத் தேடிப் பிடியுங்கள். அவன் தங்கும் கொட்டகைக்குப் போய் உட்காருங்கள். சங்கச் சந்தா ரசீதில் அவன் பெயரையும் எழுதுங்கள். முதலாளியின் கணக்கு அங்கேதான் பிசகும்.