லிஃப்டைக் கண்டுபிடித்தவர் ஓட்டிஸ் இல்லை!

பொது அறிவுப் புத்தகம் எதைப் புரட்டினாலும் இந்தக் கேள்வி கண்ணில் படும். லிஃப்டைக் கண்டுபிடித்தவர் யார்? விடை: எலிஷா ஓட்டிஸ். ஒரு மார்க். தப்பான விடை நண்பர்களே! அந்த மனிதர் நிஜமாகச் செய்த காரியத்தையும் அது மறைத்துவிடுகிறது.

கயிறு கட்டிப் பாரம் தூக்குவது ரோமானியர் காலத்துச் சமாச்சாரம். நீராவியில் ஓடும் சரக்குத் தூக்கிகளும் ஓட்டிஸுக்கு முன்பே தொழிற்சாலைகளில் வந்துவிட்டன. ஆனால் அதில் ஏற மனிதர்களுக்குப் பயம். கயிறு அறுந்தால் கதை முடிந்தது!

1811ல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பிறந்த ஓட்டிஸ், நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸில் ஒரு கட்டில் தொழிற்சாலையில் மெக்கானிக். அவர் தீர்த்தது இந்தப் பயத்தைத்தான். தூக்கியின் தலைக்கு மேல் வண்டிகளுக்குப் போடுகிற பட்டை ஸ்பிரிங் ஒன்றை வைத்தார். கயிறு இழுத்துப் பிடித்திருக்கும்வரை ஸ்பிரிங் வளைந்து நிற்கும். கயிறு அறுந்தால் சட்டென்று நிமிர்ந்து, இருபுறச் சட்டங்களில் வெட்டியிருக்கும் பற்களில் மாட்டிக்கொள்ளும். தூக்கி நின்ற இடத்தில் நிற்கும். அவ்வளவுதான் விஷயம். 1854ல் நியூயார்க் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில், தானே மேலே நின்றுகொண்டு கயிற்றை வெட்டச் சொன்னார். விழவில்லை.

அன்றைக்கே கோடீஸ்வரர் ஆகிவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 1857ல்தான் பிராட்வேயில் ஒரு ஐந்து மாடிப் பீங்கான் கடையில் அவருடைய பயணிகள் லிஃப்ட் ஓடியது. 1861ல் தொண்டை அடைப்பான் நோயில், 49 வயதில் போய்விட்டார். அப்போது அது சின்னக் கம்பெனி. அதைப் பெரிதாக்கியது மகன்கள் சார்லஸும் நார்ட்டனும். 1889ல் ஈஃபில் கோபுரத்தில் ஓட்டிஸ் லிஃப்ட் ஏறியபோது அப்பா இல்லை.

"பெயர் சரிதானே, இதில் என்ன பெரிய வித்தியாசம்?" என்பீர்கள். இருக்கிறது. எந்த இயந்திரமானாலும் ஓட வைத்தவனைத்தான் நாம் மனப்பாடம் செய்கிறோம். பாதுகாப்பு என்பது நமக்குக் கடைசியில் ஒட்டவைக்கிற உதிரிபாகம், காசு குறைந்தால் முதலில் கழற்றுவதும் அதைத்தான். லிஃப்ட் விஷயத்தில் நடந்ததோ நேர்மாறு. தூக்குகிற இயந்திரம் ஏற்கெனவே இருந்தது. பிரேக் வந்த பிறகுதான் மனிதன் நம்பி ஏறினான், மாடிகள் உயர்ந்தன.

பரீட்சையில் ஓட்டிஸ் என்றே எழுதித் தொலையுங்கள், மார்க் முக்கியம். ஆனால் கேள்வியை மட்டும் மனதுக்குள் திருத்திக்கொள்ளுங்கள்: லிஃப்டை விழாமல் நிறுத்தியவர் யார்?