கண்ணாடி வீட்டுப் பிரசங்கம்

"உலகத் தரத்தில் நவீன இல்லம்" என்ற மந்திரத்தைச் சென்னையின் வீட்டுக் கண்காட்சிகளிலும் பில்டர்களின் விளம்பரத் தாள்களிலும் பல்லாண்டுகளாகக் கேட்டும் படித்தும் சலித்துப்போன எனக்கு, அண்மையில் ஒரு கூட்டத்தில் கட்டட நிபுணர் ஒருவர் அதற்குப் பாஷ்யமே செய்தபோது பொறுமை போய்விட்டது. முற்றமும் தாழ்வாரமும் வீண் இடம். கனத்த சுவர் இருட்டின் உறைவிடம். கண்ணாடியே வெளிச்சம், வெளிச்சமே நாகரிகம். உஷ்ணத்தையோ யந்திரம் பார்த்துக்கொள்ளும் என்றார். பலத்த கரகோஷம். அந்த மண்டபத்துக்கு ஒரு ஜன்னல்கூட இல்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

முற்றம் வீண் என்ற வாதத்துக்கு, காருக்கு ஒதுக்கும் இடத்தைக் காற்றுக்கு ஒதுக்க மனமில்லாதவர்களின் வாதம் அது என்பதே போதுமான பதில். 1960-களின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பு நகரத்து மனையில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு, முற்றத்தைச் சுற்றித்தான் எழுந்தது.

கண்ணாடியைத்தான் சற்று விசாரிக்க வேண்டும். சுமார் 13 பாகை வட அட்சரேகையில் உள்ள சென்னைக்குச் சூரியன் ஆண்டில் இருமுறை, ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்டு மத்தியிலும், நேர் உச்சிக்கு வருகிறான். அந்த வெயிலை ஜன்னலுக்கு மேலுள்ள இரண்டடி சன்ஷேடே தடுத்துவிடும். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மேற்கிலிருந்து சாய்ந்து, சன்ஷேடுக்கு அடியில் புகுந்து, கூடத்தின் எதிர்ச்சுவர் வரை நீளும் வெயிலை அதனால் தடுக்க இயலாது. நமது நிபுணர்களோ பார்த்துப் பார்த்து அந்தப் பக்கத்திலேயே தரையிலிருந்து கூரைவரை கண்ணாடியைப் பதிக்கிறார்கள். சூரிய கிரணங்களைத் தாராளமாக உள்ளே விடும் கண்ணாடி, அவற்றால் சூடேறிய தரையும் சோபாவும் வீசும் வெப்பக் கதிரை வெளியே விடுவதில்லை. குளிர் தேசங்களில் செடி வளர்க்கக் கட்டும் கண்ணாடிக் குடிலில் சூடு தங்குவதற்கு, சூடேறிய காற்று வெளியேறாமல் அடைபடுவதோடு இந்தக் குணமும் ஒரு காரணம். பிறகு உள்ளே கனத்த திரை தொங்கும். கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயில் திரையில் பட்டாலென்ன, தரையில் பட்டாலென்ன, பெருமளவு சூடு அறைக்குள்தானே? திரையை இழுத்ததும் அறை இருண்டு, பட்டப்பகலில் டியூப்லைட்டைப் போட வேண்டியதாகிறது. வெளிச்சமே நாகரிகம் என்ற சித்தாந்தத்துக்குக் கிட்டும் மோட்சம் இதுதான்.

கான்கிரீட் என்றால் கண்ணாடியும் உடன் வந்தாக வேண்டும் என்று விதித்தவர் யார்? புதுச்சேரியில் அன்டோனின் ரேமண்ட் வரைந்து, ஜார்ஜ் நாகாஷிமா முதலியோர் உடனிருந்து, 1930-களின் பிற்பகுதியில் எழத் தொடங்கிய கோல்கொண்டே என்ற ஆசிரம விடுதி கான்கிரீட் கட்டடம்தான். ஆயினும் அதன் நீண்ட முகங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கியவை. கண்ணாடி ஜன்னல்களுக்குப் பதிலாக, வேண்டியபடி திருப்பிக்கொள்ளக்கூடிய கிடைமட்டப் பலகைகள் வரிசை வரிசையாக நின்று, வெயிலைத் தடுத்துக் காற்றை விடுகின்றன. அறைக் கதவுகளோ காற்றுப் போக இடைவெளி விட்ட தேக்குச் சட்டங்கள். தளத்துக்கு மேல் கான்கிரீட் ஓடுகளால் இன்னொரு கூரை, இடையே காற்று. அது ஆசிரம விடுதியல்லவா, குடும்ப வீடா என்று கேட்பார்கள். ஆசிரமவாசிகளுக்கும் வியர்க்கும்.

எஞ்சியது யந்திரம். பகல் முழுதும் வெயில் குடித்த கான்கிரீட் தளத்தின் அடிப்பக்கத்தை, சித்திரை மாதத்து இரவு பத்து மணிக்கு ஸ்டூலில் ஏறித் தொட்டுப் பார்த்தால், அது இன்னும் சுடும். அதற்கு நேர் கீழே கட்டிலைப் போட்டு ஏ.சி.யை ஓட்டுவதற்குப் பெயர் சௌகரியம். யந்திரம் உஷ்ணத்தை அழிப்பதில்லை, சந்துக்குள் தள்ளுகிறது. அந்த அனல் பக்கத்து வீட்டுக்காரரின் ஜன்னலில் அடிக்க, அவரும் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு யந்திரம் வாங்குகிறார். வியாபார விருத்திக்கு உத்தமமான மார்க்கம், சந்தேகமில்லை.

படிக்கட்டையும் குளியலறையையும் ஸ்டோர் ரூமையும் மேற்கே தள்ளிவிட்டு, கடற்காற்று வரும் கிழக்கே படுக்கையறையை வைப்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஆனால் தெரு மேற்கே இருந்துவிட்டால் எலிவேஷன் என்ன ஆவது என்று பதறுவார்கள்.