சரக்கு இறங்கும் இடமும் பணியிடமே: கடைகளுக்கு வரும் டெலிவரி ஓட்டுநர்களின் பாதுகாப்பு குறித்த நிலைப்பாடு

பேத்தமங்களாவிலும் கோலார் தங்கவயல் வட்டாரத்தின் பிற கடைத்தெருக்களிலும் சரக்கு கொண்டுவரும் அல்லது எடுத்துச்செல்லும் ஓட்டுநர், வண்டியை நிறுத்தியது முதல் புறப்படும்வரை அந்தக் கடையின் பணியிடத்துக்குள் இருப்பவராகவே கருதப்பட வேண்டும் என்பதும், அந்த நேரத்தில் அவருக்கு நேரக்கூடிய தீங்கைத் தடுக்கும் முதற்கடமை, அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யாராக இருந்தாலும், அந்த இடத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரையே சாரும் என்பதும் இதை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு. 'டெலிவரி ஓட்டுநர்' என்ற சொல் இங்கு மூன்று வகையினரைக் குறிக்கிறது: விநியோகஸ்தரின் வண்டியை மாதச் சம்பளத்துக்கு ஓட்டுபவர், கடனில் வாங்கிய 'குட்டியானை' என்னும் சிறு சரக்கு வண்டியை நடைக்கு இவ்வளவு என்று வாடகை பேசி ஓட்டுபவர், செல்பேசிச் செயலி வழியாக வேலை பெற்று, கடையில் பொருளை எடுத்துக்கொண்டு வீடுகளுக்குச் செல்லும் இருசக்கர வாகன ஊழியர். மூவரின் வருமானமும் சட்டநிலையும் வெவ்வேறு என்றாலும், கடைவாசலில் அவர்களை எதிர்கொள்ளும் ஆபத்துகள் பெரும்பாலும் ஒன்றே.

ஓட்டுநருக்கு விபத்து என்றால் நெடுஞ்சாலை மோதலே எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. கடைவாசலில் நிகழும் காயம் 'கால் வழுக்கிவிட்டது' என்ற அளவில் முடிந்துவிடுகிறது. மளிகைக் கடை ஒன்றில் அரிசி இறங்கும் முறையைக் கவனித்தால் அது வெறும் வழுக்கல் அன்று என்பது விளங்கும். தெரு அகலம் போதாததால் வண்டி பாதி சாலையில் நிற்கிறது. பின்கதவு கீழே மடக்கப்பட்டு, வண்டிக்கும் கடைப்படிக்கும் இடையே ஓடும் சாக்கடையின் மேல் ஒரு பலகையோ கல்லோ பாலமாகக் கிடக்கிறது. கிளீனர் வைத்துக்கொள்ளும் வழக்கம் சிறு வண்டிகளில் அருகிவிட்டதால், ஓட்டுநரே மேலேறி மூட்டையை விளிம்புக்கு இழுத்து, கீழே இறங்கி, அதைப் பிடரியில் வாங்கிக்கொண்டு அந்தப் பலகையைக் கடக்கிறார். மூட்டை தலையை ஒரு பக்கம் சாய்த்துவிடுவதால், பக்கவாட்டில் வரும் இருசக்கர வாகனம் அவர் கண்ணில் படுவதில்லை. கடைக்குள் எண்ணெய் டின்கள் வழியை அடைத்திருந்தால், அவற்றைக் கடைப்பையன் நகர்த்தும்வரை சுமையோடு நிற்க வேண்டியிருக்கிறது. இதில் வண்டி ஓட்டும் வேலை எதுவும் இல்லை. இவ்வளவும் சுமைதூக்கும் வேலை, அதற்கெனத் தனி இறக்குகூலி பெரும்பாலும் பேசப்படுவதும் இல்லை.

சுமையின் அளவைப் பொறுத்தவரை, ஒருவர் கையால் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருக்கும் இடங்களில் அதை விரைந்து அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. 50 கிலோ சிமென்ட் மூட்டை அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கிறது என்பது உண்மையே. ஆனால் அந்த அளவு வளர்ந்த ஆணுக்குரிய உச்சவரம்பு. ஒரே காலைப்பொழுதில் பல கடைகளில் திரும்பத் திரும்பத் தூக்குபவருக்கு அதைப் பாதுகாப்பின் அளவுகோலாகக் கொள்ள முடியாது. மூட்டையின் எடையை மாற்றுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்று சொல்லப்படும் வாதத்துக்கு அரிசி வணிகமே மறுப்பாக இருக்கிறது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான உறையிட்டு லேபிளிட்ட அரிசிக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி விதிக்கப்பட்டபோது, அந்த வரம்பைத் தாண்டுவதற்காகவே 26 கிலோ மூட்டைகள் சந்தைக்கு வந்தன. வரிக்காக ஒரு கிலோவைக் கூட்ட முடிந்த ஆலைகளால், சுமப்பவரின் முதுகெலும்புக்காகச் சில கிலோவைக் குறைக்க முடியாது என்பதை இவ்வமைப்பு ஏற்கவில்லை. அதுவரை 26 கிலோவுக்கு மேற்பட்ட எந்த மூட்டையையும் இருவர் சேர்ந்தே இறக்க வேண்டும் என்றும், இரண்டாம் ஆளுக்கான கூலியை ஓட்டுநரின் வாடகையில் பிடிக்காமல் சரக்கை அனுப்புபவர் பில்லிலேயே சேர்க்க வேண்டும் என்றும் அது கோருகிறது.

அடுத்த பேராபத்து ரிவர்ஸ் எடுப்பது. பிரிட்டனில் பணியிடப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு நிறுவனம், பணியிட வாகன மரணங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வண்டி பின்னோக்கி நகரும்போது நிகழ்பவை என்று கூறுகிறது. சரக்கை அனுப்புபவர், கொண்டுசெல்பவர், பெறுபவர் ஆகிய மூவரும் வண்டி புறப்படுமுன்பே இறக்கும் இடத்தின் நிலையைத் தமக்குள் தெரிவித்துக்கொள்ள வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் வழிகாட்டுதல். தங்கவயலுக்கு இது புதிய பாடம் அன்று: தங்கச் சுரங்கத்தில் மணியோசைக் குறி கிடைக்காமல் ஆட்களை ஏற்றியிறக்கும் கூண்டு நகராது என்ற ஒழுங்கு பல தலைமுறைகளுக்குப் பழகியிருந்த ஊரில், பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் கடைத்தெருவில் மட்டும் யாருடைய குறியும் இல்லாமல் ஒரு லாரி பின்னால் வருவது இயல்பாகக் கொள்ளப்படுகிறது.

சட்டம் இந்த இடத்தை முற்றிலும் மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த, பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம், தம் பணிவளாகத்தில் இருப்பவர்களின் பாதுகாப்புக்கு, அவர்கள் அங்கிருப்பது தமக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும், முதலாளியே பொறுப்பு என்கிறது. 'தம் ஊழியர்' என்று சுருக்காமல் 'இருப்பவர்கள்' என்று விரித்ததில் சரக்கு இறக்க வந்த ஓட்டுநரும் அடங்குகிறார் என்பதே இவ்வமைப்பின் வாசிப்பு. ஆனால் அதே சட்டத்தில் 'நிறுவனம்' என்பது பொதுவாகப் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைசெய்யும் இடத்தையே குறிப்பதால், உரிமையாளரும் இரண்டு பையன்களும் மட்டுமே இருக்கும் மளிகைக் கடையும் மருந்துக் கடையும் அதன் எல்லைக்கு வெளியே போய்விடுகின்றன. பேத்தமங்களா போன்ற ஊரில் சரக்கு இறங்குவது பெரும்பாலும் இத்தகைய கடைகளில்தான் என்னும்போது, விதி பெரிய அங்காடியைக் காத்து விதிவிலக்கு ஊரையே விழுங்கிவிடுகிறது.

விபத்துக்குப் பிந்தைய இழப்பீட்டிலும் இதே இடைவெளி உண்டு. வேலையின் காலமும் இடமும் வாசற்கதவோடு முடிந்துவிடுவதில்லை, நியாயமான அளவுக்கு அதைத் தாண்டியும் நீளும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1958இல் சௌராஷ்டிர உப்பு நிறுவன வழக்கில் ஏற்றது. எனினும் படகு கவிழ்ந்து இறந்த அந்நிறுவனத் தொழிலாளர்கள் பொதுவழியில் இருந்தார்கள் என்று கூறி, அந்த வழக்கில் இழப்பீட்டை மறுத்தது. கடைக்கும் வண்டிக்கும் இடைப்பட்ட சாக்கடைப் பலகை பொதுவழியா, பணியிடமா என்ற கேள்வியைக் காயமடைந்த பிறகு நீதிமன்றத்தில் கேட்பதைவிட இப்போதே விதியாக எழுதிவிடுவது மேல். வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழி விபத்தையும், வேலையுடன் தொடர்பிருந்தால், வேலையில் நேர்ந்ததாகக் கொள்ளும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் ஒரு முன்னேற்றமே. ஆனால் அது முதலாளி யார் என்பது தெளிவாக இருக்கும் ஊழியருக்குப் பயன்படும் அளவுக்கு, வாடகைக்கு ஓட்டும் வண்டிக்காரருக்குப் பயன்படுவதில்லை.

செயலிவழித் தொழிலாளர்களுக்கெனக் கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டம், ஒவ்வொரு பணிக்கும் அவர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 1 முதல் 5 விழுக்காடு வரை நிறுவனங்களிடம் நலக்கட்டணமாகப் பெற வழிசெய்திருப்பதை இவ்வமைப்பு வரவேற்கிறது. சென்னை மாநகராட்சி இத்தொழிலாளர்களுக்காக 2025இல் குளிரூட்டிய ஓய்வறைகளைத் திறந்தது. அவ்வளவு வசதி இங்கே உடனடியாகக் கேட்கப்படவில்லை. பொருளுக்காகக் காத்திருப்பவர் வெயிலில் நிற்காமல் ஒதுங்க ஒரு நிழல், குடிக்கத் தண்ணீர், கடையின் கழிப்பறையைப் பயன்படுத்த மறுப்பில்லாமை ஆகியவை போதும்.

இடத்தை வைத்திருப்பவருக்கே கடமை என்று இங்கு வலியுறுத்தப்படும் கொள்கை வெளியிலிருந்து வந்ததன்று. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், மேலாளருக்குத் தெரிந்து சுரங்கப் பணியில் ஈடுபடும் எவரையும், அவர் கூலி பெற்றாலும் பெறாவிட்டாலும், சுரங்கத்தில் பணிபுரிபவராகவே வரையறுத்தது. கனிமம் அனுப்பப்படும் இடம்வரை அதைக் கையாள்பவரும் கொண்டுசெல்பவரும் அதற்குள் வந்தார்கள். கடமை கூலிச்சீட்டைப் பின்தொடராமல் இடத்தைப் பின்தொடர்ந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டதும், வேலைதேடி ரயிலேறியவர்களோடும் வண்டிச் சாவியை எடுத்தவர்களோடும் அந்தப் பாதுகாப்பு கூடவே வரவில்லை.

சிறுவணிகர் மீது தாங்கமுடியாத செலவை ஏற்றுவது இவ்வமைப்பின் நோக்கம் அன்று. சாக்கடைக்கு உறுதியான மூடி போடுவதும், கடைத்தெருவின் இரு முனைகளில் சரக்கு இறக்கும் இடத்தைக் கோடிட்டு ஒதுக்குவதும், விடியற்காலைப் பால் வண்டிக்குப் போதிய வெளிச்சம் தருவதும் ஊராட்சியின், நகராட்சியின் கடமைகள். கடைக்காரரிடம் எதிர்பார்க்கப்படுவது உள்வழியை அடைக்காமல் வைப்பதும், வண்டி பின்னால் வரும்போது ஓர் ஆளை வெளியே நிறுத்துவதும், இறக்கும் நேரத்தை முன்கூட்டிச் சொல்வதும்தான். இவற்றை வணிக உரிமத்தைப் புதுப்பிக்கும்போது நிபந்தனைகளாகச் சேர்க்கலாம். பெருஞ்சுமை விநியோகஸ்தரையே சேர வேண்டும். பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையின் 71 கி.மீ. நீளக் கர்நாடகப் பகுதி 2024 டிசம்பரில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட பின், சாலையில் மிச்சமாகும் நேரத்தைக் கணக்கிட்டு ஓட்டுநரின் பட்டியலில் மேலும் சில கடைகளைச் சேர்க்கும் எண்ணம் எழுவது இயல்பே. இறக்குவதற்கு ஆகும் நேரத்தைச் சாலை குறைப்பதில்லை என்பதால், ஒரு நாளுக்குரிய கடைகளின் எண்ணிக்கையை ஓட்டுநரைக் கலந்தே முடிவுசெய்ய வேண்டும் என்றும், தாமதத்துக்காக வாடகையைப் பிடிக்கும் ஒப்பந்தங்களைக் கைவிட வேண்டும் என்றும் இவ்வமைப்பு விநியோகஸ்தர்களைக் கோருகிறது. கடைவாசலில் நேரும் ஒவ்வொரு காயத்தையும், மயிரிழையில் தப்பியவற்றையும்கூட, தேதியும் இடமும் குறித்து எழுதிவைக்கும் பதிவேடு ஒன்றை ஒவ்வொரு விநியோகஸ்தரும் வைத்திருக்க வேண்டும். அதில் உண்மையை எழுதிய ஓட்டுநருக்கு மறுநாள் லோடு மறுக்கப்பட்டால், அந்த மறுப்பையும் அதே பதிவேட்டில் குறிக்க வேண்டும்.