குருந்தூர்மலையும் உழவன் வயலும்

முல்லைத்தீவு மாவட்டத்திலே, குமுளமுனைக்கு அப்பால், தண்ணிமுறிப்புக் குளத்தை அண்டி, காடு சூழ நிற்கும் கற்குன்று குருந்தூர்மலை. அம்மலைக்கு உரியவர் யார் என்ற வழக்கு நெடுநாளாக நடந்து வருகின்றது. அவ்வழக்கில் அடிவாரத்து உழவனின் குரலே மிகக் குறைவாகக் கேட்கிறது. ஆதலின் அவன் பக்கம் நின்று சில சொல்ல விழைகின்றோம்.

வன்னி பெரும்பாலும் சமநிலம். அதன் அடியிலுள்ள மிகப் பழைய பாறை, மேல்மண் கரைந்து போன இடங்களிலே குன்றாகத் தலைநீட்டுகின்றது. அத்தகைய குன்றைச் சுற்றிப் பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கி வளரும். பாலைப்பழக் காலத்தில் கரடி வரும். வறட்சியில் யானை குளத்தை நாடும். மாரியிலே பாறையில் விழுந்த நீரைக் காடு தடுத்து மெல்ல மெல்லக் கீழே விடுகின்றது. கீழேயுள்ள குளம் அதனைத் தேக்கி வயலுக்குத் தருகின்றது. மலையும் காடும் குளமும் வயலும் ஒரே உடலின் உறுப்புகள். ஒன்றை வெட்டி எடுத்தால் மற்றவை வாழா.

குருந்து என்பது எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த முள்மரம். வறண்ட கல்நிலத்திலும் வெண்பூப் பூப்பது. திருப்பெருந்துறையிலே மாணிக்கவாசகருக்கு இறைவன் குருவாய் வந்தமர்ந்தது குருந்த மரநிழலில் என்பது சைவர் மரபு. அம்மரத்தின் பெயரைத் தாங்கிய மலையிலே அடிவாரத்து மக்கள் ஐயனாருக்குப் பொங்கலிட்டு வந்தனர்.

மலையிலே பழங்கட்டடங்களின் இடிபாடுகள் உள்ளன. இது ‘குருந்தி’ என்னும் பழைய விகாரையின் இடம் என்று தொல்பொருட் திணைக்களம் கூறுகின்றது. 2021ஆம் ஆண்டு அகழ்வில் வெளிப்பட்ட எட்டுப்பட்டைக் கல்லைச் சிவலிங்கம் என்று தமிழர் கூற, தாதுகோபத்தின் உறுப்பு என்று பிறர் கூறினர். அங்கே பௌத்தச் சின்னம் கிடைத்தால் தமிழன் அஞ்ச வேண்டுவதில்லை. மணிமேகலையைத் தந்த மொழி நம்முடையது. தமிழரிலும் பௌத்தர் வாழ்ந்தனர். புத்தர் பெயரால் உழவனின் நிலத்தைப் பறிப்பதையே நாம் எதிர்க்கின்றோம்.

சட்டம் என்ன சொல்கின்றது? 1933ஆம் ஆண்டு வர்த்தமானி அறிவித்தலின்படி இங்கு தொல்பொருளுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 78 ஏக்கர். பின்னரோ அதற்கு வெளியேயும் நூற்றுக்கணக்கான ஏக்கரில் எல்லைக்கற்கள் நாட்டப்பட்டன. தண்ணிமுறிப்பு மக்கள் 1984இல் துரத்தப்பட்டவர்கள். உடையவன் ஊரைவிட்டு ஓட்டப்பட்டிருந்த காலத்தில் வயலிலே காடு மூடியது. அக்காட்டைச் சான்றாகக் காட்டி ‘இங்கு வயலே இருந்ததில்லை’ என்பது எந்த நீதி?

1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பழஞ்சின்னங்களை உள்ளவாறே பேணுவதற்காக இயற்றப்பட்டது. இடிபாட்டின் மேல் புதுக்கட்டடம் எழுப்புவது பேணுதல் ஆகாது. 2022 யூன் 12ஆம் நாள் இருந்த நிலையே தொடர வேண்டும் என்று முல்லைத்தீவு நீதிமன்றம் கட்டளையிட்டது. அதன் பின்னும் கட்டட வேலை தொடர்ந்ததை 2023இல் நீதிபதியே மலைக்குச் சென்று பார்வையிட்டார். அவ்வாண்டு செப்டெம்பரில், உயிரச்சுறுத்தலைக் காரணங்காட்டி, நீதிபதி ரி. சரவணராசா பதவி துறந்து நாட்டைவிட்டு வெளியேறினார். மலையின் வழக்கைக் கேட்டவர்க்கே இந்நிலையாயின், மண்வெட்டியோடு நிற்கும் உழவனின் நிலை என்ன?

நாம் கேட்பவை நான்கு. தொல்பொருள் எல்லை 1933இன் எல்லையோடு நிற்க வேண்டும். அதற்கு வெளியேயுள்ள வயல்கள் உரியவரிடம் சேர வேண்டும். அகழ்வின் முழு அறிக்கை மும்மொழியிலும் வெளிவந்து, எல்லாப் பல்கலைக்கழக அறிஞரும் ஆராய இடமளிக்க வேண்டும். 2023 ஆகத்தில் பொலிஸ் காவலோடு நடந்த பொங்கல், காவலின்றியே நடக்கும் நாள் வர வேண்டும்.

அரசிடம் கேட்பதோடு நம் கடமை தீராது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பெற்ற அனுமதிப்பத்திரங்களைப் போரில் இழந்தோர் பலர். பத்திரம் எரிந்தாலும் உரிமை எரிவதில்லை. பிரதேச செயலகத்துக் காணிப் பதிவேடு, பழைய நில அளவைப் படம், நீர்ப்பாசனக் குறிப்பு, கமநலப் பதிவு ஆகிய ஒவ்வொன்றும் சான்றே. உழவர்களே, வீட்டிலுள்ள துண்டுக் கடதாசியையும் எறியாதீர்கள். முதியோர் அறிந்த எல்லைகளை எழுதி வையுங்கள். சட்டத்தரணிகளே, நில அளவையாளரே, ஆசிரியரே, மாதத்தில் ஒரு நாளை அவர்களுக்குக் கொடுங்கள்.

மேடை முழக்கம் காற்றோடு போகும். நீதிமன்றத்தில் எடுபடுவது எழுத்தும் எல்லையும். அவற்றைத் திரட்டும் வேலை இன்றே தொடங்கட்டும்.